வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்? மட்டக்களப்பிலிருந்து ஒரு வழிகாட்டி

ஏழு வருடத்துக்கு முன், மூத்தவளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டில் படிப்பிக்கத் தொடங்கியபோது, நான் முதலில் வாங்கியது ஒரு பெட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. ஒரு வருடத்துக்கான புத்தகங்கள், நாள்வாரி அட்டவணை, ஒட்டுப்படங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. அனுப்பும் செலவோடு சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது. அதில் ஒரு காலநிலை அட்டவணை. தினமும் காலையில் யன்னலால் பார்த்து அன்றைய நாளுக்குரிய படத்தை ஒட்ட வேண்டும். வெயில், மழை, மேகம், பனிப்பொழிவு, உதிர்ந்த இலை என்று படங்கள். அப்போது ஆடி மாதம். கல்லடியில் கச்சான் காற்று கதவையெல்லாம் அடித்துச் சாத்திக்கொண்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை படத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கச்சானுக்கு ஒட்டுறதுக்கு ஒண்டும் இல்லையேம்மா” என்றாள்.

பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வேறொரு வீட்டுக்காகச் செய்தது. நான்தான் எங்கள் வீட்டைப் பார்க்காமல் வாங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: கடையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைத் தீர்மானியுங்கள். பதினாறு வயதில் உங்கள் பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப்போகிறது? அதுவரை அந்தப் பிள்ளையோடு தினமும் யார், எத்தனை மணித்தியாலம் உட்காரப்போகிறார்? இதற்குப் பதில் வந்துவிட்டால் பாடத்திட்டம் பாதி தெரிவாகிவிட்டது.

சட்டத்தை முதலில் பாருங்கள்

இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த மேல்வயது 2016இல் 16 ஆனது. அந்த விதிகள் பாடசாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் பிள்ளையை ஓசைப்படாமல் நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்ப் பேசுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று ஐந்து வலயங்கள். அம்பாறைப் பக்கத்துக் கரையோரத்தார் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் ஒன்றில் வருவீர்கள். ஏன் வீட்டில் படிப்பிக்கிறீர்கள், எதைப் படிப்பிக்கப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஏற்கெனவே பாடசாலையில் இருந்திருந்தால் விடுகைப் பத்திரத்தை மறக்க வேண்டாம். பிறகு ஒருநாள் திரும்பிச் சேர்க்க நினைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

உத்தியோகத்தர்களை விட அயலார் அதிகம் கேட்பார்கள். “என்னகா, புள்ளைய பள்ளிக்கூடம் விடாம வெச்சிருக்காய்?” என்று படலைக்கு வெளியே நின்று கேட்கும் அக்காவுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். நீண்ட விளக்கம் கொடுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. “வீட்டில படிக்கிறாள், சோதினைக்குப் போவாள்” என்பது போதும்.

பிள்ளையைப் பாடசாலையில் வைத்துக்கொண்டே பின்னேரத்தில் வீட்டில் தனியாக ஒரு பாடத்தைக் கொண்டுபோகும் குடும்பங்களும் உண்டு. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

பதினாறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதினாறு வயதுச் சோதினையைப் பற்றி யோசிப்பது அவசரம் போலத் தெரியும். ஆனால் பாதையைப் பாதியில் மாற்றினால் வீணாகும் காலமும் காசும் அதிகம். நம் பக்கத்தில் உள்ள வழிகள் இவை.

முதலாவது, உள்ளூர் க.பொ.த. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவது. விண்ணப்பத்தைப் பரீட்சைத் திணைக்களம் கேட்கும்போது நீங்களே அனுப்ப வேண்டும். அறிவித்தல் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதும் உங்கள் பொறுப்பு, நினைவூட்ட அதிபர் இல்லை. மொத்தம் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றில் திறமைச் சித்தி (C அல்லது அதற்கு மேல்) என்பதே பொதுவான கணக்கு. சங்கீதம், நடனம், நாடகம் போன்றவற்றுக்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதற்கு ஓர் ஆசிரியரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். சாதாரண தரத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிமூலத்திலும் எழுதலாம்.

இரண்டாவது, நாங்கள் பேச்சில் ‘லண்டன் சோதினை’ என்று சொல்வது: கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சை அமைப்புகளின் சோதினை. எல்லாம் ஆங்கிலத்தில். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பாடநூலை யாரும் வாங்கலாம், ஆனால் பரீட்சைக்கு நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிலையத்தின் ஊடாகவே போக வேண்டும், இலங்கையில் பிரிட்டிஷ் கவுன்சில் அதைச் செய்கிறது. ஆகவே புத்தகம் வாங்க முன் நிலையம் எது, உங்கள் பாடத்தை அங்கே எழுதலாமா, எங்கே போய் எழுத வேண்டும் என்று கேளுங்கள். ஆய்வுகூட வேலையும் ஒப்படைகளும் புள்ளியில் சேரும் பாடங்கள் தனியாள்களுக்குச் சரிவராது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானப் பாடங்களில் செயன்முறைக்குப் பதிலாக எழுதும் வினாத்தாள் ஒன்று இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. இந்த முறையில் ஒரு வசதி: ஒன்பது பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்தத் தவணைக்கு இரண்டு, அடுத்ததற்கு இரண்டு என்று பிரிக்கலாம். செலவு வேறு கதை. ஒரு பாடத்துக்கே கட்டணம் பத்தாயிரக்கணக்கில் போகும். ஆறு பாடத்துக்குக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கனவு காணத் தொடங்குங்கள். இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளியை (பாடங்களை ஒப்பிடும்படி தரப்படுத்திய புள்ளியை) வைத்துத்தான் என்பதும் நினைவிருக்கட்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ பிள்ளை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் லண்டன் பாதையைத் தொட முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

மூன்றாவது, சில வருடம் வீட்டில் வைத்துவிட்டு மீண்டும் பாடசாலையில் சேர்ப்பது. சுகவீனம், இடம்பெயர்வு, வகுப்பறையில் பிள்ளைக்கு நடந்த ஏதோவொன்று, இப்படித் தொடங்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த வகை. உங்களுக்குப் பாடத்திட்டத் தெரிவே தேவையில்லை. பிள்ளையின் தரத்துப் பாடநூலை எடுத்து, பக்கத்துப் பாடசாலை எந்தத் தவணையில் எங்கே நிற்கிறது என்று விசாரித்து, அதன் கூடவே நடந்தால் சரி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பாடசாலை ஊடாக விண்ணப்பிப்பது. அது வேண்டுமென்றால் அதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

தொழிற்பயிற்சி வழியும் இருக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 1 முதல் 7 மட்டம்வரை போகிறது. பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிற பையன் இருந்தால், கணிதமும் மொழியும் உறுதியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு மற்றதில் கையைத் தளர்த்தலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை நிகழ்ச்சித்திட்டத்தைப் பற்றியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கிழக்கில் இருக்கும் பத்துக் குடும்பங்களில் எட்டுக்கு உள்ளூர்ப் பாடத்திட்டம்தான் நடுமுள்ளாக இருக்க வேண்டும். அது உலகத்திலேயே சிறந்தது என்பதால் அல்ல. இலவசம், தாய்மொழியில் இருக்கிறது, பிள்ளை எந்த நேரமும் திரும்பிப் போகலாம், பக்கத்து வீட்டு அண்ணாவே தடுமாறும் கணக்கைச் சொல்லிக் கொடுக்க முடியும். சதை எங்கிருந்தும் வரலாம்.

கையில் இருக்கவேண்டிய இரண்டு புத்தகங்கள்

பாடநூலை எல்லோருக்கும் தெரியும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் பாடநூல்கள் மூன்று மொழியிலும் இலவசமாக இருக்கின்றன. பலருக்குத் தெரியாதது ஆசிரியர் வழிகாட்டி. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுவது, அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பாடநூல் பிள்ளைக்கு, வழிகாட்டி உங்களுக்கு. அதில் ஒவ்வொரு அலகுக்கும் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றல் பேறு, எத்தனை பாடவேளை என்று பிரித்திருப்பார்கள். வாசிக்கக் கொஞ்சம் வரட்சிதான். ஆனால் கற்றல் பேறுகள் இருக்கும் பக்கங்களை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைக்கு வந்ததை வெட்டிக்கொண்டே போகலாம். அதைவிட நல்ல திட்டப் புத்தகத்தை நான் காசு கொடுத்தும் வாங்கவில்லை.

பாடத்திட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறும். பிள்ளை எந்த ஆண்டில் சோதினைக்குப் போகும் என்று பார்த்து, அந்த ஆண்டுக்குரிய பதிப்புத்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். யாரோ தந்த பழைய புத்தகத்தில் ஆறு மாதம் ஓடிவிட்டுப் பிறகு அலகு மாறிவிட்டது என்று தெரிவது நல்ல அனுபவம் இல்லை.

ஒரே தமிழ், இரண்டு விஞ்ஞானம்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் எழுதுகிறேன். எங்களை ஒரு வருடம் சுற்றவிட்ட விஷயம் இது.

தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். வண்ணப்படம், தெளிவான அச்சு, ஏராளமான பயிற்சி. அந்த நூல்களை வைத்துப் படிப்பிக்கும் யூடியூப் காணொளிகளும் கணக்கில்லை. நானும் மகளுக்குக் காட்டினேன், நன்றாகப் புரிந்தது. ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு. ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை. கலம் செல், இரசாயனவியல் வேதியியல், அமுக்கம் அழுத்தம், அட்சரகணிதம் இயற்கணிதம். இதெல்லாம் பிரச்சினையே இல்லை. இரண்டு நாளில் பிள்ளை பழகிவிடும், “அங்க செல், இங்க கலம்” என்று விளையாட்டாகவே சொல்லும்.

ஆபத்து எங்கே என்றால், இரண்டு பக்கமும் ஒரே சொல் இருந்து பொருள் மட்டும் வேறாக இருக்கும் இடத்தில். ஒருநாள் சந்தையில் அரைக் கிலோ இறால் வாங்கி வந்தேன். மகள் அதைத் தராசில் வைத்து ‘நிறை 0.5 கிலோகிராம்’ என்று கொப்பியில் எழுதினாள். தமிழ்நாட்டு நூலின்படி மிகச் சரி, அங்கே நிறைக்கு அலகு கிலோகிராம். ஆனால் நம் விஞ்ஞான நூலில் கிலோகிராமில் சொல்வது திணிவு. நிறை என்பது புவி அந்தப் பொருளை இழுக்கும் விசை, அலகு நியூட்டன். அந்த இறாலின் நிறை ஏறக்குறைய 5 நியூட்டன். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் எடை. பிறகு நம் பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்தபோது இதே இடத்தில் புள்ளி போனது. விஷயம் அவளுக்குத் தெரியும், சொல்தான் வேறு ஊர்ச் சொல்.

வேகமும் அப்படித்தான். நம் நூலில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். அங்கே திசை இல்லாதது வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். கதியையும் வேகத்தையும் குழப்பிக்கொண்டு பௌதிகவியலுக்குப் போன பிள்ளை கடைசிவரை குழம்பும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் படித்தவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் பங்கெடுத்தவர். தன் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் இரண்டு சொற்பட்டியலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

நாங்கள் செய்தது இதுதான். சீ.ஆர். கொப்பி ஒன்றில் மூன்று நிரல் போட்டோம்: நம் சொல், அக்கரைச் சொல், ஆங்கிலச் சொல். காணொளி பார்க்கும்போது புதுச் சொல் வந்தால் நிறுத்தி, அதில் எழுதிவிட்டுத்தான் தொடர வேண்டும். நிறை, வேகம் போன்றவற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டோம். எதை எங்கிருந்து படித்தாலும் பயிற்சிக் கணக்கையும் விடையையும் எழுதுவது எந்தச் சோதினைக்குப் போகிறோமோ அந்தச் சொல்லில்தான். இந்த ஒரு பழக்கத்தோடு தமிழ்நாட்டு நூல்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கணிதத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு கான் அகாடமி இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் ஆங்கிலமே தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கிலத்தையும் பின்னத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் இரண்டும் இறங்காது. ஆங்கிலத்தை ஆங்கிலமாக ஒரு வருடம் படிப்பித்துவிட்டுப் பிறகு மாறுங்கள்.

வீட்டின் மணிக்கணக்கு

ஒரு சாதாரணக் கிழமையை அப்படியே எழுதிப் பாருங்கள். ஆசைப்படும் கிழமை வேண்டாம், போன கிழமை நடந்ததை எழுதுங்கள். காலை சமையல், கணவரை வேலைக்கு அனுப்புதல், சின்னவன் நித்திரை, தண்ணீர் மோட்டர், உறவினர் வருகை. எல்லாம் போக மிஞ்சுவது இரண்டு மணித்தியாலமா மூன்றா? தரம் 5 வரைக்கும் ஒரு பிள்ளையோடு நேருக்கு நேர் இரண்டு மணித்தியாலம் ஒழுங்காக இருந்தால் நிறையச் செய்யலாம். நாற்பது பேர் வகுப்பில் வரிசைக்கும் கட்டுப்பாட்டுக்கும் போகும் நேரம் வீட்டில் இல்லை. இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால், தாய் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டிய பாடத்திட்டத்தை எடுக்காதீர்கள். பிள்ளை தானாகச் செய்யக்கூடிய பயிற்சி நிறைந்ததை எடுங்கள்.

ஊரின் ஆண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயல் உள்ள வீட்டில் பெரும்போக அறுவடைக் காலத்தில் யாரும் கொப்பியைத் தொடமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டி வாவி பெருகும்போது மின்சாரமும் டேட்டாவும் நம்ப முடியாதவை. இணையத்தை மட்டுமே நம்பும் பாடத்திட்டம் அந்த இரண்டு மாதமும் படுத்துவிடும். நாங்கள் அதை வாசிப்புக் காலம் என்று வைத்திருக்கிறோம். நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் குவிந்து கிடக்கின்றன, சிறு பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் உண்டு. மழைக்கு முன்பே இறக்கி வைத்துவிடுவேன். கச்சான் காலத்தில் பத்து மணிக்கு மேல் கணக்குச் செய்யும் மூளை யாருக்கும் இல்லை. காலை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுவோம்.

இன்னொரு கை இருந்தால் அதையும் எண்ணுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் தாயின் தாய் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மகள் படித்ததை அவரிடம் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். முணுமுணுத்தால் அம்மம்மாவுக்குக் கேட்காது, “என்ன மனே சொல்றாய்?” என்று மறுபடியும் கேட்பார். அதனால் உரத்து, தெளிவாக, ஒழுங்காகச் சொல்லப் பழகினாள். வாசித்ததைத் திருப்பிச் சொல்வதை ஒரு கல்வி முறையாகவே வைத்தவர் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி (1842–1923). எங்கள் வீட்டில் அம்மம்மாவின் காது அதைச் செய்தது.

முறை என்ற பேச்சு வந்தால் மொண்டிசோரியும் வரும். நம் ஊரில் எந்தப் பாலர் பாடசாலையைக் கண்டாலும் மொண்டிசோரி என்பார்கள். மரியா மொண்டிசோரி சொன்னது கையால் தொட்டு, தானே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும்படி செய்த பொருள்களை வைத்துக் கற்பது. அந்த மரப் பொருள்களை வாங்க வேண்டியதில்லை. அரிசிச் சுண்டும், புளியங்கொட்டையும், தையற்காரரின் அளவுநாடாவும் தரம் 3 வரை தாங்கும். முறைகளின் பெயரில் அதிகம் மயங்காதீர்கள்.

மூன்று கிழமை பரிசோதனை

எதையும் வாங்க முன் மூன்று கிழமை இலவசமானதை வைத்தே ஓட்டிப் பாருங்கள்.

முதல் கிழமை படிப்பிக்க வேண்டாம், எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். கணிதத்தில் பிள்ளையின் தரத்து நூலிலிருந்து ஒரு அலகுப் பயிற்சியைக் கொடுங்கள். பத்தில் எட்டுச் சரியென்றால் அடுத்ததற்குப் போங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் ஒரு தரம் கீழே இறங்குங்கள். இது என் கைக்கணக்கு, ஆனால் என்னை ஏமாற்றியதில்லை. தமிழுக்கு, முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்துக்குப் பாடம் தரம் வேறுபடும். மூத்தவள் தரம் 6 வயதில் தமிழில் தரம் 8 நூலை விழுங்கினாள், பின்னத்தில் தரம் 4க்குப் போக வேண்டியிருந்தது. ஒரே தரத்துக்குக் கட்டாக வரும் பெட்டியை வாங்கியிருந்தால் பாதி சலிப்பு, பாதி அழுகை.

இரண்டாம் கிழமை பாடநூலோடு நடத்துங்கள். மூன்றாம் கிழமை அதே விஷயத்தை வேறொரு வழியில்: காணொளி, செய்முறை, கதை, எதுவென்றாலும். ஒவ்வொரு நாளும் இரவில் இரண்டு வரி எழுதுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது? யார் முதலில் களைத்தது, பிள்ளையா நீங்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். பிள்ளைக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காத பாடத்திட்டம் இரண்டு மாதத்தில் அலுமாரிக்குப் போய்விடும்.

இதற்குப் பிறகும் ஏதாவது வாங்க வேண்டும் போலிருந்தால் ஒரு பாடத்துக்கு மட்டும் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது ஆங்கிலம். காசில் அச்சிடும் செலவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தொலைபேசியில் கணிதம் படிக்க முடியாது, அச்செடுத்தே ஆக வேண்டும். மற்றப் பாடங்களைத் திரையில் சமாளிக்கலாம்.

புத்தகத்துக்கு வெளியே இருப்பவை

எந்தத் தளத்திலும் கிடைக்காதவற்றையும் திட்டத்தில் எழுதி வையுங்கள், எழுதாவிட்டால் நழுவிவிடும். சமயம் சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, முஸ்லிம் பிள்ளைகளுக்கு மத்ரஸா, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு. அறிவோடு சிநேகிதமும் அங்கேதான் கிடைக்கும். இரண்டாம் மொழிச் சிங்களத்தை விட்டுவிட வேண்டாம். அம்பாறை நகரிலோ கொழும்பிலோ வேலைக்குப் போகும் நாளில் அருமை தெரியும். பின்னேர விளையாட்டுக்கு ஒரு கழகம் தேடுங்கள். ஊரில் கூத்துப் பழகும் களரி இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். வடமோடியோ தென்மோடியோ, பாட்டை மனனம் செய்து பத்துப் பேரோடு சேர்ந்து ஆடுவதில் வரும் தமிழை எந்தப் பயிற்சிப் புத்தகமும் தராது.

கோப்பு

இது சின்ன வேலை, ஆனால் முதல் நாளே தொடங்க வேண்டியது. பாடத்துக்கு ஒரு பைல். செய்ததில் நல்லது ஒன்று, மோசமானது ஒன்று, திகதி போட்டு மாதாமாதம் சேருங்கள். வலயத்துக்குக் கொடுத்த கடிதம், விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முன்னால் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஒட்டிய கற்றல் பேறுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாடத்தில் இரண்டு தடவை தொடர்ந்து நகர்வே இல்லையென்றால் அந்தப் பாடத்துக்கு மட்டும் நூலை மாற்றுங்கள், அல்லது ஓர் ஆசிரியரிடம் அனுப்புங்கள். எங்கள் மகள் கணிதத்துக்கு இப்போது கிழமைக்கு இரண்டு நாள் டியூஷன் போகிறாள். வீட்டுக்கல்வி என்றால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

பதினைந்து வயதானதும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சோதினைக்கு அது அவசியம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் ஊடாக நடப்பது, நம் பிள்ளைகளுக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக. அண்மையில் நாங்களும் போனோம். எந்தப் பாடசாலை என்று கேட்டார். கோப்பை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அந்தப் பெட்டியை மூடிவைத்த பிறகு எட்டு வயதில் அவள் தானே கோடு போட்டு, நிறம் தீட்டிச் செய்த காற்று அட்டவணை: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் ஒவ்வொரு நாளாகப் பார்த்துவிட்டு, “ஆடி இருபதில வாடை எண்டு போட்டிருக்கே மகள், அது பிழை” என்றார். அவள் பேனையை வாங்கி அங்கேயே வெட்டித் திருத்தினாள். அதன் பிறகு படிவத்தில் கையெழுத்து விழுந்தது.